ஏரியா மட்டும் நல்லா இருக்கணும், அத்தான்

ஏப்ரல் பிறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வெயிலுக்குப் பயந்து அல்ல, போனுக்குப் பயந்து. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிகிற வாரத்தில் தெற்கே இருக்கிற சொந்தபந்தம் அத்தனைக்கும் மெட்ராஸ் ஞாபகம் வந்துவிடும். மெட்ராஸ் ஞாபகம் வந்தால் என் ஞாபகமும் வரும். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ரூம் போட்டுத் தர ஒரு ஆள் வேண்டும்.

இந்த வருஷம் முதல் போன் சங்கரன்கோவிலிலிருந்து. என் மனைவியின் தம்பி.

"அத்தான், பிள்ளைக ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கு. பீச்சு, வண்டலூரு, மெட்ரோ ரயிலு எல்லாம் காட்டணும். மூணு நாளு. நாங்க நாலு பேரு, கூட அம்மையும் வாராக. ஒரு லாட்ஜு பாத்துச் சொல்லுங்க. ஆயிரம், ஆயிரத்தி இருநூறுக்குள்ள இருந்தாப் போதும். ஏரியா மட்டும் கொஞ்சம் நல்லா இருக்கணும்."

"எதுக்கு மாப்ளே லாட்ஜு? நம்ம வீடு இருக்குல்ல?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இல்லத்தான், உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அம்மைக்கு வேற மூச்சு இழைக்கும்..."

சிரமம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்து ஒரு ராத்திரி தங்கினார்கள். சாயங்காலம் காற்று திரும்பியது. மாடியில் விளையாடிக்கொண்டிருந்த சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து, "மாமா, யாரு வீட்டுல என்ன தீயுது?" என்று கேட்டாள். அவள் அம்மா அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஏதோ காதில் சொன்னாள். மறுநாள் காலையிலேயே "ஒரு அவசர வேலை" வந்து கிளம்பிவிட்டார்கள்.

என் வீடு வடசென்னையில், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில். அஞ்சல் எண் 600118.

சரி, லாட்ஜே பார்ப்போம் என்று இறங்கினேன். "நல்ல ஏரியான்னா எப்படி மாப்ளே?" என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொன்னார்: "அதான் அத்தான், சினிமாவுல காட்டுறாகள்ல, அந்த மாதிரிப் பக்கம் இல்லாம."

சினிமாவில் காட்டுகிற பக்கம் எதுவென்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. 2014-இல் 'மெட்ராஸ்' வந்தபோது வியாசர்பாடி ஹவுசிங்போர்டு பையன்கள் எல்லோரும் பெருமையாகக் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். 2018-இல் 'வடசென்னை' வந்தது. நல்ல படங்கள்தான், நானும் ரசித்தேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து என் மாமனார் போன் பண்ணி, "ராத்திரி வெளிய எங்கயும் போகாதீக மாப்பிள்ளை" என்றாரே, அதை எந்த இயக்குநரிடம் போய்ச் சொல்வது? நான் ராத்திரி வெளியே போவது பால் பாக்கெட் வாங்கவும், கண்ணதாசன் நகரில் பஸ் இறங்குகிற மகளைக் கூட்டிவரவும்தான்.

நல்ல ஏரியா என்று யாரும் ஓர் ஏரியாவைத் தேடுவதில்லை. சில ஏரியாக்களைக் கழித்துவிட்டு மீதியைக் கேட்கிறார்கள். கழிக்கப்படுகிற அந்தப் பட்டியலில் நாங்கள் எப்போதும் முதல் வரி.

மீதியில் 1,200 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தேன். தி.நகரில் சித்திரை மாதம் ஜவுளி எடுக்க வருகிற கூட்டம், விலை கேட்கவே கூச்சமாக இருந்தது. கிரீம்ஸ் ரோடு பக்கம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். வங்காளத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், மூன்று நாள் ஆளுக்கு அங்கே மதிப்பில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் மலிவுதான், கடற்கரைக்கு நடந்தே போகலாம். ஆனால் வரிசையாக ஒண்டிக்கட்டைகள் கைலியோடு பல் தேய்த்துக்கொண்டு நிற்கிற தாழ்வாரத்தில் என் மாமியாரை நிறுத்த முடியுமா? கோயம்பேட்டில் ஒரு காலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் லாட்ஜ்தான். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தெற்குப் பஸ்கள் அங்கே போய்விட்டன. (போன வருஷம் வந்த சித்தப்பா ஒருவர் கிளாம்பாக்கத்தில் இறங்கி, "உங்க ஊரு வந்துட்டேன், வாங்க" என்றார். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மாதவரத்துக்கும் தெற்கிலிருந்து சில பஸ்கள் வருகின்றன, அங்கிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம் என்று எத்தனை தடவை சொன்னாலும் யார் மண்டையிலும் ஏறுவதில்லை.)

ஆக, பொதிகை ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு எழும்பூரை விட்டால் பெரியமேடு. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

செல்போனில் செயலியைப் பார்த்துப் போட்டிருக்கலாமே என்பீர்கள். அதில் ஒரு தடவை சூடுபட்டிருக்கிறேன். படத்தில் அறை கல்யாண மேடை மாதிரி இருந்தது. நேரில் போனால், அந்தப் படத்தை எடுத்தவர் எங்கே நின்று எடுத்தார் என்றே புரியவில்லை. கட்டிலை விட்டு இறங்கினால் சுவர்.

பெரியமேட்டில் தோல் கடைகளுக்கு நடுவே ஒரு மாடிப்படி. ரிசப்ஷனில் சாமி படத்துக்குச் சீரியல் பல்பு. மூன்றாவது மாடியில் அறை, லிஃப்ட் இல்லை. பையன் பூட்டைத் திறந்து, ஏதோ அரண்மனையைக் காட்டுகிற மாதிரி விளக்கைப் போட்டான். ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் பைப்பு, ஒரு முழத் தூரத்தில். பிளாஸ்டிக் வாளிக்குக் கைப்பிடி போய் நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு சோப்பு. சுவரில் ஏ.சி. தொங்கியது, ரிமோட் இல்லை.

"ரிமோட் கீழ இருக்கு சார். ஏ.சி. வாடகை கட்டினா குடுப்போம்."

"அஞ்சு பேரு. அஞ்சாவது ஆளுக்கு?"

"எக்ஸ்ட்ரா பெட்டு முந்நூறு." எக்ஸ்ட்ரா பெட் என்பது ஒரு பாய், ஒரு தலையணை, எத்தனை பேரைச் சுமந்ததோ தெரியாத ஒரு விரிப்பு.

வாடகை 1,100 என்றார்கள். ஏ.சி., பாய், வரி எல்லாம் சேர்த்து 1,900-க்குப் பக்கம் வந்தது. இந்த வரிக் கதை தனி. 1,000 ரூபாய்க்குக் கீழே வாடகை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லாமல்தான் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் 12 சதவீதம் போட்டார்கள். அப்புறம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்தது என் காதுக்கு எட்டியிருக்கிறது, எல்லா லாட்ஜ் கவுண்டருக்கும் எட்டவில்லை. பில் கேட்டால் வரி, கேட்காவிட்டால் ஒரு துண்டுச் சீட்டு.

எழும்பூர் கென்னட் லேனில் ஐந்தாறு படி ஏறி இறங்கினேன். ஓர் இடம் பரவாயில்லை. இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, தண்ணீர் வருகிறது. அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று ஆதார் அட்டையை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பினார். முகவரியைப் படித்தார். பிறகு என்னைப் படித்தார்.

"லோக்கலா சார்?"

"நான் தங்கல. ஊர்லேருந்து சொந்தக்காரங்க வர்றாங்க."

"அவங்க ஐடி வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க. லோக்கல் ஆதாருக்கு ரூம் குடுக்கறதில்ல."

இந்த வார்த்தையை நான் முதல் தடவை கேட்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கேட்டேன். 3-ஆம் தேதி ராத்திரி ஆரம்பித்த மழை மறுநாளும் விடவில்லை. தரைத்தளம். முதலில் வாசல்படி, பிறகு ஹால், பிறகு கட்டில் கால். வெறும் மழைத்தண்ணீர் என்றால்கூடத் தேவலை, சாக்கடையும் சேர்ந்து கறுப்பாக வந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, குடிக்கத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் எழுபத்தாறு வயது அம்மாவையும் மனைவியையும் மகளையும் மீன்பாடி வண்டியில் ஏற்றி மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு நாள் ரூம் போட்டுக்கொள்ளலாம் என்று தண்ணீர் வடிந்த ஒரு நல்ல ஏரியாவுக்குப் போனேன். லாட்ஜில் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அம்மாவை சோபாவில் உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். சேலைக் கரையிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டி டைல்ஸில் ஓடியது, துடைக்கச் சொல்லி ஆளை விரட்டாமல் பொறுத்துக்கொண்டார். ஆனால் ரூம் மட்டும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார்: உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை கிடையாது.

"சார், வீட்டுக்குள்ள தண்ணி. குடும்பத்தோட வந்திருக்கேன். இதுல என்ன சார் தப்புத்தண்டா?"

"தெரியுது சார். ஓனர் ரூல். நாளைக்கு செக்கிங் வந்தா என்னத்தான் கேப்பாங்க."

உள்ளூர்க்காரனுக்கு அறை தரக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. அடையாள அட்டை வாங்கிப் பதிவு செய்தால் போதும். வயசுப் பையனும் பெண்ணும் வந்து தங்கிவிடுவார்களோ, உள்ளூர் ரௌடி வந்து சீட்டாடுவானோ, போலீஸ் வந்து குடையுமோ என்று லாட்ஜ்காரர்களாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. சொந்த ஊரில் வீடு இருக்கிறவனுக்கு எதற்கு ரூம் என்பது அவர்கள் நியாயம். சொந்த ஊரில்தானே ஐயா வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது! அன்றைக்கு அம்பத்தூரில் என் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், வயிறெரிகிறவனுக்கு வரலாறும் ஞாபகம் வரும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது, வாலாஜா ரோடு வரைக்கும். அதாவது ஒரு காலத்தில் வெளியூர்க்காரன் மெட்ராஸில் கால் வைப்பதே எங்கள் பக்கத்தில்தான். அதற்கும் முன்னால், 1782 பஞ்சத்தில், சோற்றுக்கு வழியில்லாமல் மெட்ராஸை நோக்கி நடந்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிப் படுக்க இடம் கொடுத்தது மணியக்காரர் சத்திரம். அதுவும் எங்கள் பக்கம்தான். அந்தச் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய ஸ்டான்லி. பழைய ஆட்கள் அதை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். எந்த ஊர், எந்த முகவரி, என்ன அட்டை என்று அங்கே கேட்டிருப்பார்களா? பசிக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். இன்றைக்கு ஸ்டான்லியில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் வராந்தாவிலும் மரத்தடியிலும் பேப்பர் விரித்துப் படுக்கிறார்கள். அவர்களில் யாராவது என்னிடம் பக்கத்தில் ஒரு முந்நூறு ரூபாய் ரூம் கேட்டால் காட்ட எனக்கு இடமில்லை. சென்ட்ரலுக்கு எதிரே ராமசாமி முதலியார் சத்திரம் என்று ஒன்று, ரயிலில் வருகிறவர்களுக்காகவே ஒரு புண்ணியவான் கட்டியது. வாடகை வாங்காமலே இடம் கொடுத்தவர்கள் இருந்த ஊர் இது.

எங்கள் வீட்டுக்குக் கிட்டே, மூலக்கடைப் பக்கம் லாட்ஜ் இல்லாமலும் இல்லை. ஜி.என்.டி. ரோடு கொல்கத்தா போகிற சாலை, லாரிக்காரர்கள் குளித்துத் தூங்கிவிட்டுப் போவார்கள். வாடகையும் குறைவு. மச்சானிடம் சும்மா வாயைக் கொடுத்துப் பார்த்தேன். "வேண்டாம்த்தான்" என்று மூலக்கடை என்ற வார்த்தை முடிவதற்குள் பதில் வந்தது. அங்கே மெட்ரோ வேலை நடக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகிற தடத்தில் மூலக்கடையும் ஒரு ஸ்டேஷன். ஓட ஆரம்பித்த பிறகு பார்க்கிறேன், எத்தனை பேருக்கு மூலக்கடை திடீரென்று நல்ல ஏரியா ஆகிறது என்று.

எழும்பூரே முடிவாயிற்று. வாடகை 1,400, பாய்க்கு 300. போனில் மச்சானுக்குப் பரம சந்தோஷம். "எழும்பூரா? அப்பாடா, ராயபுரம் அந்தப் பக்கம் எல்லாம் இல்லையே?"

இல்லை என்றேன். ஆனால் மாநகராட்சிக் கணக்கில் எழும்பூர் இருப்பது ஐந்தாவது மண்டலத்தில். அந்த மண்டலத்தின் பெயர் ராயபுரம். பெரியமேடும் அதே மண்டலம்தான். இதைச் சொல்லி அட்வான்ஸைக் கெடுத்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

இன்னொன்றும் சொல்லவில்லை. ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் உள்ள மண்டலங்களின் குப்பை கொடுங்கையூருக்குத்தான் வருகிறது. அந்த லாட்ஜில் என் மாமியார் பாதி தேய்த்துப் போடுகிற தீப்பெட்டி சோப்பும், பிள்ளைகள் சாப்பிட்டுப் போடுகிற பரோட்டாப் பொட்டலமும், லாரியில் ஏறி என் வீட்டுக்குப் பின்னால் வந்து சேரும். சொந்தக்காரர்கள் வராவிட்டாலும் அவர்கள் குப்பை வந்துவிடும். 252 ஏக்கரில் 66 லட்சம் டன் பழைய குப்பை மலையாகச் சேர்ந்திருந்தது, அதைத் தோண்டிப் பிரித்து அகற்ற 640 கோடியில் வேலை நடக்கிறது. சரி, ஒரு வழி பிறந்தது என்று மூச்சு விட்டால், அங்கேயே எரிஉலை வைத்து எரிக்கப் போகிறோம் என்றார்கள். 2025 மே மாதம் எங்கள் ஆட்கள் ரோட்டில் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நானும் நின்றேன், என் இடப்பக்கம் ஒரு பூக்கார அம்மா, வலப்பக்கம் ஒரு காலேஜ் பையன். நகரத்துச் சாக்கடையில் ஒரு பங்கும் இங்கேதான் வருகிறது. அதைச் சுத்தம் செய்து ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிற நிலையம் 2019 முதல் ஓடுகிறது. வாங்குவதும் கழுவுவதும் நாங்கள். நல்ல ஏரியா என்ற பெயர் வேறு யாருக்கோ.

அவர்கள் வந்தார்கள். விடியற்காலையில் ரயில். லாட்ஜில் செக்-இன் பகல் பன்னிரண்டு மணி. முன்னாலேயே அறை வேண்டுமென்றால் அரை நாள் வாடகை. ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரர் இதைவிட நல்ல லாட்ஜ் காட்டுகிறேன் என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அவர் காட்டுகிற லாட்ஜில் அவர் கமிஷனும் வாடகையோடு சேர்ந்திருக்கும். நான் போய்ப் பெட்டியை மீட்டு, அரை நாள் காசையும் கட்டி, கொண்டுபோய்ச் சேர்த்தேன். மூன்று நாளும் பீச், வண்டலூர், மெட்ரோ. பிள்ளைகளுக்கு மெட்ரோவில் கதவு தானாகத் திறப்பதுதான் மெரினாவைவிடப் பெரிய அதிசயம்.

கடைசி நாள் பகல் பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். ரயில் ராத்திரி. எட்டு மணி நேரம், ஐந்து பேர், ஏழு பை. அப்போதுதான் எங்கள் வீடு ஞாபகம் வந்தது.

மனைவி நெத்திலிக் குழம்பும் அவியலும் வைத்திருந்தாள். மாமியார் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் தரையில் படுத்தவர்தான், அசையவில்லை. மூன்று நாளாக ஹாரன் சத்தத்தில் கண்ணே மூடவில்லையாம். பிள்ளைகள் மாடியில் பட்டம் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலரை மணிக்குக் காற்று திரும்பியது.

எனக்கு முதலில் தெரிந்தது, எங்களுக்கெல்லாம் அது தோலிலேயே தெரியும். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சின்னவள் வளர்ந்துவிட்டாள், இந்தத் தடவை மூக்கைப் பொத்தவில்லை. மச்சான் சுவரில் இருந்த காலண்டரை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எழுந்து, கொசு வரும் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள். போன தடவை கேட்ட அந்தக் கேள்வியே மேல்.

ஆறு மணிக்கு மச்சான் போனில் ஆட்டோ போட்டார். ஒருவன் ஏற்றுக்கொண்டான், இடத்தைப் பார்த்தான், கேன்சல் செய்தான். இரண்டாமவனும் அப்படியே. மூன்றாமவன் போன் பண்ணினான். "சார், எங்க இருக்கீங்க?"

மச்சான் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"பெரம்பூர் பக்கம்ணே."

எனக்குச் சுருக்கென்றது. இருந்த வீட்டில் கை கழுவின ஈரம் காயவில்லை, அதற்குள் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டாரே என்று வாயைத் திறக்கப் போனேன். அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கரன்கோவிலில் பெண் பார்க்கப் போனபோது, வீடு எங்கே என்று அவள் அப்பா கேட்டார். பெரம்பூர் என்றுதான் சொன்னேன். பத்திரிகையிலும் அப்படியேதான் அடித்தோம்.